வீசும் கை, தாங்கும் மணிக்கட்டு

நின்டெண்டோ நிறுவனம் ‘வீ’ என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது 2006 நவம்பரில். கையில் ஒரு சின்னக் கோலைப் பிடித்து வீசினால் ரிவியில் ரெனிஸ் மட்டை வீசும். பொத்தானை அழுத்தியே பழகிய உலகத்துக்கு அது பெரிய புதுமை. பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அதே ஆண்டு நடுப்பகுதியில்தான் இங்கே, இலங்கையில், மறுபடி போர் மூண்டது. ஓமந்தைக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில், ஏ9 வீதியிலிருந்து நெடுங்கேணிக்குப் பிரியும் சந்தியில் இருக்கும் வன்னிக் கிராமமான புளியங்குளம், அப்போது வெளியுலகுக்கு ஒரு சோதனைச்சாவடியின் பெயராகத்தான் தெரிந்திருந்தது. மண்ணெண்ணெய் விளக்கிலும் ஜெனரேற்றரிலும் இரவைக் கழித்த வன்னியை அந்தப் பெட்டி எட்டியும் பார்க்கவில்லை.

கையசைவில் ஆடும் கேம் இங்கே வந்து சேர்ந்தது பல வருடம் கழித்து, போனுக்குள் ஒளிந்துகொண்டு. 2011இல் வெளியான ‘டெம்பிள் ரன்’ விளையாட்டில் போனைச் சரித்தால் ஓடுபவன் ஓரம் போய்க் காசு பொறுக்குவான். ‘அஸ்பால்ட்’ கார்ப் பந்தயத்தில் போன்தான் ஸ்ரேறிங். 2018இல் வந்த ‘பப்ஜி’யில் குறிபார்க்கப் போனையே அசைக்கலாம், அதைத்தான் பெடியள் ‘ஜைரோ’ என்கிறார்கள். விஞ்ஞானப்படி பார்த்தால் இவையும் ‘வீ’யும் ஒரே குடும்பம். உள்ளே இருப்பது அசைவை அளக்கும் அதே வகைச் சில்லு. கைக்கு நேருவது மட்டும் நேரெதிர். ஒன்றில் கை வீசுகிறது, மற்றதில் கை தாங்குகிறது. அசைவு விளையாட்டு தரும் வலி பற்றி வெளிநாட்டில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி வீசும் கையைப் பற்றியது. நம் பிள்ளைகளுக்கு வருவது தாங்கும் கையின் வலி. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘கேம் விளையாடினால் கை போகும்’ என்று பொதுவாகத் திட்டுவதில் பயன் இல்லை.

முதலில் வீசும் கை. இந்த விடயத்தில் மருத்துவ இலக்கியத்தில் வந்த சில கடிதங்கள் கிட்டத்தட்டப் பகிடி போல இருக்கும். 1990இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகைக்கு ரிச்சர்ட் பிராசிங்டன் என்ற வைத்தியர் ஒரு கடிதம் எழுதினார். 35 வயதுப் பெண் ஒருவர் ஐந்து மணி நேரம் விடாமல் பொத்தானை அழுத்தி நின்டெண்டோ ஆடி, வலது கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாணில் கடும் வலியோடு வந்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘நின்டெண்டினைற்றிஸ்’. பதினேழு வருடம் கழித்து, 2007இல், அதே சஞ்சிகையில் ஹூலியோ போனிஸ் என்ற ஸ்பானிய வைத்தியர் ‘வீயைற்றிஸ்’ என்று இன்னொரு கடிதம் எழுதினார். நோயாளி 29 வயதுப் பயிற்சி வைத்தியர். புதிதாக ‘வீ’ வாங்கிப் பல மணி நேரம் ரெனிஸ் ஆடியவருக்கு மறுநாள் காலை எழும்பவே வலது தோள் வலித்தது. ஒரு கிழமை ஐபுப்ரோபன், விளையாட்டுக்கு முழு ஓய்வு, குணமாகிவிட்டது. 2010இல் இன்னொரு கடிதம்: ‘வீ’யின் மிதிபலகையிலிருந்து தவறிய ஒரு சிறுமியின் பாத எலும்பு முறிவு.

இவை தனித்தனி நோயாளிகளின் கதைகள். இவற்றை வைத்து ‘இந்த விளையாட்டு ஆபத்தானது’ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் போனிஸின் கடிதத்தில் இரண்டு விடயம் கவனிக்கத்தக்கது. கோலைப் பிடித்தது கை, நொந்ததோ தோள். அதுவும் தோள்பட்டையின் பின்புறமிருந்து கையை வெளிப்பக்கம் திருப்பும் ஒரு தசையின் நாண் மட்டும். வீசிய கையை முன்னால் போய் நிற்கவிடாமல் இழுத்துப் பிடிக்கும் ‘பிரேக்’ அந்தத் தசைதான். நிஜ மட்டையில் பந்து மோதும்போது வேகத்தில் ஒரு பங்கைப் பந்து வாங்கிக்கொள்ளும். வெறும் காற்றில் வீசினால் முழுவதையும் உடம்பே நிறுத்த வேண்டும். கோல் இலேசானது என்பதால் இன்னும் வேகமாக வீசச் சொல்லும்.

மற்றது, நிஜ விளையாட்டில் களைப்பு நம்மை நிறுத்தும் என்று போனிஸ் சொன்னது. இதை விளங்கிக்கொள்ள நமக்கு ஸ்பெயின் தேவையில்லை. புளியங்குளத்துப் பெடியள் ரெனிஸ் பந்தில் கிறிக்கெற் ஆடும்போது ஆறு அடித்தால் பந்து வேலிக்கு அங்கால பற்றைக்குள் போகும். தேடி எடுக்கப் பத்து நிமிடம், அதில் பாம்புப் பயம் வேறு. அந்தப் பத்து நிமிடம் மட்டைக்காரனின் கைக்குக் கிடைத்த ஓய்வு. திரையில் பந்து தொலைவதே இல்லை.

மணிக்கட்டை நம்பி வாழ்ந்த ஒருவரை நமக்குத் தெரியும். சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனின் 800 ரெஸ்ற் விக்கெற்றுகளுக்கும் பின்னால் இருந்தது அந்த வளையும் மணிக்கட்டு. 2004இல் அவர் சத்திரசிகிச்சை செய்துகொண்டதோ தோளில். வேடிக்கை காட்டுவது ஒரு மூட்டு, விலை கொடுப்பது இன்னொரு மூட்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கருவிகள் மாற மாற வலியின் இடமும் மாறியது என்பதை வரிசையாகப் பார்த்தால் தெரியும். முதல் ‘வீ’க் கோல் முடுக்கத்தை மட்டும் அளந்தது. முழுக்கை வீசுவதும் மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டுவதும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்டக்காரர்கள் இதைக் கெட்டித்தனமாகக் கண்டுபிடித்துக் கதிரையில் சாய்ந்தபடியே சுண்டி வென்றார்கள். உடற்பயிற்சி போனது, தோளில் இருந்த சுமை மணிக்கட்டுக்கு இறங்கியது. 2009இல் சுழற்சியையும் அளக்கும் துணைக்கருவி வந்த பின் அந்தக் குறுக்குவழி ஓரளவு அடைபட்டது. 2010இல் மைக்ரோசொப்டின் ‘கினெக்ட்’ கையில் எதுவுமே வேண்டாம் என்றது. மணிக்கட்டுக்கு நிம்மதி. ஆனால் ஒன்றைத் தெரிவுசெய்யக் கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. தொடுதிரைக் காலத்திலிருந்தே பொறியியலாளர்கள் ‘கொரில்லாக் கை’ என்று கேலி செய்யும் அந்தத் தோள் கடுப்பு திரும்பி வந்தது. இப்போது கண்ணை மூடிக்கட்டும் மெய்நிகர் கருவிகள். 2018இல் வந்த ‘பீற் சேபர்’ பாட்டுக்கு ஏற்ப இரண்டு கையாலும் வாள் வீசச் சொல்கிறது. இதில் புதுத் தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது: அறை தெரியாததால் சுவரிலும் மேசையிலும் கை போய் மோதுகிறது. நசிவையும் சுளுக்கையும் தாண்டி எலும்பு முறிவுக்கே வழி.

பிடியும் வாரும் பற்றிய ஒரு கதையை இங்கே சொல்லவேண்டும். ‘வீ’ வெளிவந்து ஒரு மாதத்துக்குள், வீசிய வேகத்தில் கோல் கைநழுவி ரிவித் திரையை உடைத்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. கோலை மணிக்கட்டோடு கட்டும் வாரின் நூல் அறுந்துபோனதுதான் காரணம். 2006 டிசம்பரில் நிறுவனம் சுமார் 32 இலட்சம் வார்களை இலவசமாக மாற்றித் தந்தது, 0.6 மில்லிமீற்றர் தடிப்பிலிருந்த நூல் 1 மில்லிமீற்றர் ஆனது. அடுத்த வருடம் கோலுக்கு வழுக்காத சிலிக்கன் உறையும் இலவசமாக வந்தது. எல்லோரும் இதை ரிவியைக் காப்பாற்றும் ஏற்பாடு என்றே பேசினார்கள். என் பார்வையில் அது கையைக் காப்பாற்றிய ஏற்பாடு. நழுவிவிடும் என்ற பயம் இருந்தால் விரல்கள் தேவைக்கு மேல் இறுக்கும். இறுக்கிய விரலின் தசைநாண் எல்லாம் மணிக்கட்டு வழியாகத்தான் ஓடுகிறது. வார் சரியாக இருந்தால் பிடியைத் தளர்த்தலாம். பிடி தளர்ந்தால் வலியும் குறையும். இது வன்னிக்கு இன்னும் பொருந்தும். சித்திரை, வைகாசி வெக்கையில் உள்ளங்கை வியர்த்து வழுக்கும்போது எந்தக் கையும் தானாகவே இறுக்கிப் பிடிக்கும். குளிர்நாட்டில் வடிவமைத்த வழவழப்பான பிளாஸ்ரிக்குக்கு இது தெரியாது. பக்கத்தில் ஒரு துவாய் வைத்துக்கொண்டு விளையாடுவது சிரிப்பதற்குரிய விடயம் இல்லை.

இனித் தாங்கும் கை. அதற்கு மணிக்கட்டின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும். எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் உள்ளங்கைப் பக்கம் ஓர் ஒடுங்கிய குகை. அதற்குள்ளால் விரல் மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் போகின்றன. மணிக்கட்டு நேராக இருக்கும்போது இந்தக் குகைக்குள் அழுத்தம் ஆகக் குறைவு. முன்னுக்கு மடித்தாலும் பின்னுக்கு வளைத்தாலும் கூடும். கட்டைவிரல் பக்கம் இன்னொரு சின்ன உறை. அதற்குள் கட்டைவிரலை விரிக்கிற, நிமிர்த்துகிற இரண்டு நாண்கள். இந்த உறை தடித்து நாண் உரசும் நோயை 1895இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் பிரிட்ஸ் த கெர்வான் விவரித்தார். போன் பிடிக்கும் தலைமுறைக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டிய பெயர் இது.

சந்தியில் தேத்தண்ணிக் கடை வாங்கில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெடியனின் கையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். 200 கிராமுக்குக் கிட்ட வரும் போன் குறுக்காக இருக்கிறது. அடியில் இரண்டு சுண்டுவிரலும் தட்டுப் போல முட்டுக்கொடுக்கின்றன. மணிக்கட்டு இரண்டும் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருக்கின்றன. கட்டைவிரல்கள் மட்டும் திரையில் ஓடி ஓடித் தட்டுகின்றன. குறிபார்க்கப் போனைச் சரிக்கும்போது ஒரு மணிக்கட்டு மேலே வளைகிறது, மற்றது கீழே மடிகிறது. சாய்வு ஒரு விரற்கடை இருக்காது. ஆனால் அந்த ஒரு விரற்கடையை ஆடாமல் அசையாமல் பிடித்து வைப்பதுதான் விளையாட்டு. முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கின்றன, தோள் உறங்குகிறது. ‘வீ’ ஆடியவன் தோளை நோகடித்தான். இவன் தோளை ஒரு வேலைக்கும் அனுப்பவில்லை, எல்லாவற்றையும் மணிக்கட்டின் தலையில் கட்டிவிட்டான். பஸ் வந்து ஏறிய பிறகும் போன் அதே கோணத்தில்தான் இருக்கும்.

த கெர்வான் நோயைப் பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற நாலு விரலால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்க வேண்டும். கட்டைவிரல் அடியில் கத்தியால் கீறுவது போல் வலித்தால் சந்தேகப்படலாம். ஃபின்கெல்ஸ்ரைன் பெயரில் எல்லோரும் சொல்லும் இந்த முறை உண்மையில் ஐக்கோஃப் என்பவருடையது. ஒரு எச்சரிக்கை: நல்ல கையிலும் இது கொஞ்சம் இழுக்கும். ஆகவே மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

இதுவரை சொன்னதில் விளையாட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன். அது நியாயமில்லை. வலி வந்த கையின் முழு நாளையும் கேட்க வேண்டும். பலத்தோடு இறுக்கிப் பிடிப்பதும் அதிர்வும் மணிக்கட்டுக் குகை நரம்பை நசிக்கும் காரணங்கள் என்பது தொழில் மருத்துவத்தில் உறுதிப்பட்ட செய்தி. விளையாட்டுக்கும் அந்த நோய்க்கும் அந்த அளவு நெருங்கிய உறவு நிறுவப்படவில்லை. வன்னியில் ஒரு இளைஞனின் கை காலையில் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் நடுங்கும் கைபிடியைப் பிடிக்கிறது, அல்லது மண்வெட்டி பிடிக்கிறது, அல்லது கச்சான் பிடுங்குகிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளையின் கை நாள் முழுக்கத் துணியைத் தள்ளுகிறது. கைக்குழந்தையை அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கும் தாய்க்கு த கெர்வான் நோய் வருவது வைத்தியர்களுக்கு மிகப் பழக்கமான காட்சி; அவர் கேம் என்ற ஒன்றைத் தொட்டே இருக்க மாட்டார். இரவு அந்தக் கைகள் போனை எடுக்கும்போது, கடைசியாக வந்த சுமை மட்டும் பழியைச் சுமக்கிறது. நீரிழிவு, கர்ப்பம், தைரொயிட் குறைபாடு ஆகியவையும் குகை நரம்பை நசிக்கும். இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, எழும்பிக் கையை உதறினால்தான் உணர்வு வரும் என்றால் போனைப் பறித்து வைப்பது மருந்தாகாது. இரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளின் போன் நேரம் எங்கே கூடியது என்பதும் தெரிந்ததுதான். 2020 பங்குனியில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, பாடமே போனுக்குள் போனது. அதுவரை போன் கொடுக்க மறுத்த வீடுகள் கடன்பட்டு வாங்கிக் கொடுத்தன. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது அந்தக் கைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கும். பொருளாதார நெருக்கடியால் விளைந்த ஒரே நன்மையாக அதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்தக் கேள்விக்கு ஒரு மறுபக்கம் உண்டு. வன்னிக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கையை நோகடிக்கும் அதே அசைவு விளையாட்டு கையைத் தேற்றுமா? ‘வீ’ வந்த கையோடு உலகெங்கும் இயன்மருத்துவப் பிரிவுகள் அதை வாங்கிப் போட்டன. பக்கவாதத்தால் கை வலுவிழந்தவர்களுக்கு அதில் பயிற்சி கொடுத்தன. ஆரம்பச் சிறு ஆய்வுகள் மிகுந்த நம்பிக்கை தந்தன. பிறகு கனடா உட்பட நாலு நாடுகளில் 141 நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2016இல் வந்தது. ஒரு பகுதியினர் ‘வீ’ ஆடினார்கள். மற்றவர்கள் சீட்டு, பிங்கோ, கட்டை அடுக்கும் விளையாட்டு, பந்து என்று சாதாரணமாக விளையாடினார்கள். இரண்டு பகுதியினருக்கும் கை தேறியது, வித்தியாசம் இல்லை. விலை உயர்ந்த பெட்டி வாங்க வசதியில்லையே என்று ஏங்கும் எந்தக் கிராமத்து வைத்தியசாலைக்கும் இது நல்ல செய்தி. ஒரு கட்டுச் சீட்டும் ஒரு கரம்பலகையும் போதும். கையைத் தேற்றுவது திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஆசை. அதைத் திரையும் ஊட்டலாம், திண்ணையும் ஊட்டலாம்.

போர் பறித்த கைகளின் நிலை இன்னும் வேறு. ஷெல்லிலும் கண்ணிவெடியிலும் கை இழந்தவர்கள் இந்த ஊர்களில் நிறையப் பேர். இல்லாத கை வலிக்கும். இல்லாத விரல்கள் மடிந்து நகம் உள்ளங்கையில் குத்துவது போலிருக்கும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்தார். நல்ல கையின் விம்பம் இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை விரித்தால், இல்லாத கையும் விரிவதாக மூளை நம்பும். சிலருக்கு இறுக்கம் தளரும். இன்று மெய்நிகர் கருவியில் செய்யப்படுவது இதன் விலை கூடிய வடிவம். எல்லோருக்கும் பலிக்காது. ஆனால் முகம்பார்க்கும் கண்ணாடி எந்த வீட்டிலும் இருக்கிறது.

ஒற்றைக் கைக்காரர் விளையாட ஆசைப்பட்டால் என்ன வழி? இரண்டு கையும் வேண்டும் என்று கேட்கும் சரிப்பு விளையாட்டுகள் அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துகின்றன. 2018இல் மைக்ரோசொப்ட், 2023இல் சொனி என்று பெரிய பொத்தான்கள் வைத்த, காலாலும் முழங்கையாலும் இயக்கக்கூடிய கருவிகள் வந்தன. இங்கே அவற்றின் விலைக்கு ஒரு நல்ல போனே வாங்கலாம். அதனால் நடைமுறையில் உதவுவது சின்ன விடயம்தான்: அசைவு இயக்கத்தை நிறுத்திப் பொத்தானுக்கு மாற்றும் வசதி பல விளையாட்டுகளின் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. கை வலிக்கும் பிள்ளைக்கும் முதல் மருந்து அதே பொத்தான்.

மற்றப்படி சொல்லக்கூடியவை அதிகம் இல்லை. பெட்டியோடு வரும் எச்சரிக்கைத் தாளே மணிக்கு 10 முதல் 15 நிமிடம் ஓய்வு எடுக்கச் சொல்கிறது. அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. வீசுகிறவர்கள் முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வீச வேண்டும்; மணிக்கட்டு நேராக இருக்கட்டும். போன் பிடிக்கிறவர்கள் முழங்கையைத் தலையணையிலோ மேசையிலோ ஊன்றிக்கொள்ளலாம். சுண்டுவிரலைத் தட்டாக்க வேண்டாம். கொன்ட்ரோலர் பெரியவர் கைக்குச் செய்யப்பட்டது. எட்டு வயதுப் பிள்ளை அதை எட்டிப் பிடிக்கவே பாதிப் பலத்தைச் செலவிடும். வளரும் பிள்ளையின் மணிக்கட்டு எலும்பு முனையில் இன்னும் குருத்துப் பகுதி இருக்கிறது. அங்கே விடாமல் வலித்தால் ‘பெடியன் பாடத்துக்குக் கள்ளம் அடிக்கிறான்’ என்று தள்ளிவிடக் கூடாது. வந்த வலி சில கிழமை ஓய்வில், நேராக வைத்துக் கட்டிய பட்டியில், ஐஸ் ஒத்தடத்தில் பெரும்பாலும் தணியும். தணியாத த கெர்வான் நோய்க்கு உறைக்குள் போடும் ஒரு ஸ்ரெரொயிட் ஊசி பலருக்குக் கேட்கும். கத்தி வைக்கும் நிலை சிலருக்கே.

கடைசியாக எண்ணெய் பற்றி. நம் ஊர்களில் மணிக்கட்டு நொந்தால் முதலில் சித்தாலேப களிம்பு, பிறகு முறிவு நெரிவு வைத்தியரிடம் உருவல். தசைப்பிடிப்புக்கு அதில் சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கண்ணைக் கட்டி விளையாடிச் சுவரில் மோதினாலோ, கையை ஊன்றி விழுந்தாலோ, கட்டைவிரலை நிமிர்த்தும்போது அதன் அடியில் தெரியும் குழியை அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால் உருவக் கொடுக்காதீர்கள். அந்தக் குழிக்குள் இருக்கும் ஓடவடிவ எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்துதான் போகிறது. முறிந்ததைக் கவனிக்காமல் விட்டால் பொருந்தாமலே போகலாம். வவுனியா பெரியாஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். முதல் படத்தில் வெடிப்புத் தெரியாமல் போவது இந்த எலும்பில் வழமை. அதனால் படம் சுத்தம் என்று சொன்னாலும், வலி இருந்தால், பத்துப் பதினாலு நாள் கழித்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.